மிளகின் அம்மா

“பூனையைக் காசு கொடுத்து வாங்குவாங்களா யாராவது?” என்று அத்தை கேட்டார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை. என் கைப்பையில் 12,000 ரூபாய் இருந்தது. தொகையைச் சொல்லியிருந்தால் அன்றைக்குப் புறப்பட்டிருக்கவே முடியாது.

அத்தை என் கணவரின் அம்மா. திருவாரூர்ப் பக்கம் பிறந்தவர். அவர்கள் வீட்டில் நெல் குதிர் இருந்தது, குதிரால் எலி வந்தது, எலியால் பூனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதற்குப் பெயரும் கிடையாது. மத்தியானம் ஒரு கை மோர்சாதத்தைக் கொல்லைப் படியில் வைப்பார்களாம். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அத்தையைப் பொறுத்தவரை பூனை என்பது வீட்டுக்கு வந்து சேர்கிற உயிர். போய் வாங்கி வருகிற பொருள் அல்ல.

அது 2017 டிசம்பர். அந்த ஆடியில் மாமா தவறியிருந்தார். ஒன்பது வயது மகள், தாத்தாவின் ஈஸிசேரைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ச் சுவரை ஒட்டி நடந்தாள். பள்ளித் தோழியின் வீட்டில் ஒரு பாரசீகப் பூனையைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான், பல வாரங்களுக்குப் பிறகு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நிறுத்தாமல் பேசினாள். மறுநாளே நான் விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

விற்பவரின் வீடு சென்னையின் புறநகரில், ஒரு மாடிப் போர்ஷன். ஃபினாயிலும் பூனை மூத்திரமும் கலந்த வாடை படியிலேயே வந்து மோதியது. உள்ளே கம்பிக் கூண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. விற்பவர் பூனையின் முகத்தைக் கொண்டு விலை சொன்னார். மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருந்தால் ‘டால் ஃபேஸ்’, விலை குறைவு. பாதி அமுங்கியிருந்தால் ‘செமி பஞ்ச்’. கண்ணுக்கு நேராக மூக்கு உள்ளே போயிருந்தால் ‘பஞ்ச் ஃபேஸ்’, அதுதான் உச்ச விலை. மூக்கு உள்ளே போகப் போக விலை ஏன் ஏறுகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு குட்டிகள் மிச்சம் இருந்தன. பாலாடை நிற உடம்பு, காது நுனியிலும் மூக்கிலும் வாலிலும் மட்டும் கரி பூசினாற்போல் லேசான கறுப்பு, நீலக் கண்கள். “சீல் பாயிண்ட் ஹிமாலயன் மேடம். பியூர் பிரீட். 50 நாள் ஆச்சு. தயிர் சாதமே சாப்பிடும்” என்றார். பெரிய குட்டி கம்பிக்கு வெளியே கையை நீட்டி மகளின் விரலைப் பிடித்தது. அதோடு முடிவாகிவிட்டது. சின்னது பின்னால் சுருண்டு கிடந்தது.

கீழ்க் கூண்டில் ஒரு பெரிய பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காதுக்குப் பின்னால் ரோமம் சடைபிடித்துக் கம்பளித் துண்டுபோலக் கெட்டியாகியிருந்தது. விலாவில் உள்ளங்கை அளவுக்குக் கறுத்த திட்டு. அழுக்கு என்று நினைத்தேன். “அதுதான் தாய். மூணாவது ஈத்து. நல்லா குட்டி போடும் மேடம்” என்றார். நான் ஒரு கணம் பார்த்தேன், பிறகு மகளின் கையிலிருந்த குட்டியிடம் திரும்பிவிட்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினோம். குட்டி வாங்கப் போகிற யாருக்கும் இன்று நான் முதலில் சொல்வது இதைத்தான்: குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். அது எங்கே படுக்கிறது, என்ன சாப்பிடுகிறது, ஆள் வந்தால் எழுந்து வருகிறதா என்று பாருங்கள். எல்லாமே அங்கே தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்திருக்கும்.

ஆட்டோவில் வரும்போதே மகள் பெயர் வைத்துவிட்டாள். வெண்பொங்கலில் மிளகு தூவினாற்போல் இருக்கிறதாம். மிளகு.

வீட்டுச் சமையல் தராசில் வைத்தால் 430 கிராம். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். நக்கி நக்கிக் குடித்தது. அதுதான் நான் செய்த முதல் தவறு. பசும்பால் பூனைக்குட்டிகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. இரவு பத்து மணிக்குப் பேதி தொடங்கியது. ஒரு மணிக்கு எடுத்துப் பார்த்தேன், வயிறும் பாதமும் ஜில்லென்று இருந்தன, தலை தொங்கியது. கணவர் மருந்து டப்பாவைத் திறந்து குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பை எடுத்தார். காய்ச்சலே இல்லை, வேண்டாம் என்று தடுத்தேன். தெரிந்து தடுக்கவில்லை. பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலை முறிக்க முடியாது, கொஞ்சம் போனாலும் ரத்தத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும் என்பதெல்லாம் மறுநாள் டாக்டர் சொல்லித்தான் தெரியும். அன்று இரவு மிளகைக் காப்பாற்றியது அத்தை. அவர் எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் வெந்நீர்ப் பாட்டிலை மாமாவின் பழைய வேட்டியில் சுற்றினார். குட்டியை அதன்மேல் கிடத்தி, குளுகோஸ் பொடியை நீரில் குழைத்து விரலால் அதன் ஈறில் தடவினார். விடியும்வரை கால் மணிக்கொரு தரம் தடவினார்.

காலையில் வேப்பேரிக்கு ஓடினோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. வரிசையில் எங்களுக்கு முன்னால் மடி வீங்கிய ஆடு, நொண்டும் டாஷண்டு, சட்டைக்குள் புறாவை வைத்திருந்த ஒரு பையன். டாக்டர் அம்மா குட்டியின் வாயைத் திறந்து விரலால் ஈறைத் தடவிப் பார்த்தார். “யார் சொன்னது 50 நாள்னு? கடைவாய்ப் பால்பல்லே இன்னும் முழுசா வெளியில வரலை. அஞ்சு வாரம் இருந்தா அதிகம். இது அம்மாகிட்ட இருக்க வேண்டிய குட்டிம்மா” என்றார். பிரிட்டனில் இருக்கும் பூனை வளர்ப்போர் கூட்டமைப்பு, 13 வாரம் ஆவதற்கு முன் குட்டியைப் புது வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று விதி வைத்திருப்பதைப் பின்னாளில் படித்தேன். அந்த எட்டு வாரத்தில் தாய்ப்பாலோடு சேர்த்துக் குட்டி நிறையக் கற்றுக்கொள்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைக்கூடத் தாயும் உடன்பிறப்புகளும்தான் கற்றுத்தர வேண்டும். மிளகுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இன்றைக்கும் விளையாட்டில் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டு, நாம் ஏன் கத்துகிறோம் என்று தெரியாமல் பார்க்கும்.

மலத்தில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி இருந்தது. அதற்கு மருந்து, தோலுக்கடியில் சலைன், குட்டிகளுக்கான பால்மாவு. பத்து நாளில் எடை 500-ஐத் தாண்டியபோது மகள் காலண்டரில் வட்டம் போட்டாள்.

அடுத்து வந்தது சாப்பாட்டுப் பிரச்சினை. எங்கள் வீடு சைவம். முட்டை கூட நுழைந்ததில்லை. பாலும் சோறும் கொடுத்தே வளர்த்துவிடலாம் என்பது அத்தையின் எண்ணம், அவருடைய கொல்லைப்படிப் பூனை அப்படித்தான் வளர்ந்தது என்று வாதாடினார். அந்தப் பூனைக்கு எலி இருந்தது என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனையின் உடம்பால் போதுமான அளவு செய்ய முடியாது. மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை அழியும் என்று 1975-இல் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை தளர்ந்து பூனை செத்துப்போகும் என்பது 1987-இல் தெரிந்தது. அதன் பிறகுதான் பூனைத் தீனி செய்யும் நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்து ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்துக் கொடுத்தார். “இது அதுக்கு மட்டும். பின்பக்க பால்கனியில வெச்சுக் கொடு. தேய்க்கிற நார் தனியா இருக்கட்டும்.” கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கு அதுதானே ஆகாரம்” என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மகளின் முழங்கையில் வளையம் வளையமாகச் சிவந்தது. படர்தாமரை. மிளகின் காதோரம் காசு அளவுக்கு ரோமம் உதிர்ந்திருந்தது. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஒரு ஊதா விளக்கைக் காட்டினார். அந்த இருட்டில் மிளகின் காதோரத்து ரோமம் இழை இழையாகப் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. பூஞ்சை. நீள ரோமப் பூனைகளுக்கு எளிதில் பற்றும், கூண்டுக்குக் கூண்டு தாவும். அதன் வித்துகள் உதிர்ந்த ரோமத்தோடு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆறு வாரம் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலில் குளிப்பாட்டினோம். அழுகிய முட்டை நாற்றம் சாம்பிராணி போட்டும் போகவில்லை. மெத்தை உறைகளைத் தினம் வெந்நீரில் துவைத்தேன். மாமாவின் ஈஸிசேர்த் துணியைக் கழற்றித் துவைக்க வேண்டியிருந்தது. அதை மகள்தான் கழற்றினாள். காய்ந்ததும் அவளே மாட்டினாள், மாட்டியபின் முதல்முறையாக அதில் உட்கார்ந்தாள்.

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். மற்ற பூனைகளுக்கும் மருந்து போட வேண்டுமே என்று. “அப்படியா மேடம்” என்றார். அந்தச் சின்னக் குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அதுவா? நீங்க வந்துட்டுப் போன மறுவாரமே வாந்தி பேதி. போயிடுச்சு.” அப்போது மிளகுக்கு முதல் தடுப்பூசியே போட்டிருக்கவில்லை, உடம்பு தேறட்டும் என்று டாக்டர் தள்ளிவைத்திருந்தார். அடுத்த நாள் போட்டோம். பேன்லூகோபீனியா என்று ஒரு வைரஸ், வெள்ளை அணுக்களையும் குடலையும் ஒரே நேரத்தில் தின்றுவிடும். குட்டிகளைக் கொல்வதில் அதற்கு ஈடே கிடையாது. தடுப்பூசி இருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி எப்போது வடியும் என்று சொல்ல முடியாததால், நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். அந்தச் சின்னதுக்கு என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஓர் ஊசியும் போட்டிருக்க மாட்டார்கள் என்பது நிச்சயம். மகளிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் இதையெல்லாம் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

ஹிமாலயன் என்ற பெயரை வைத்து, பனிமலைப் பூனை என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். இமயமலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1930-களில் அமெரிக்காவில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் கிளைட் கீலரும், பூனை வளர்ப்பவரான வர்ஜீனியா காப் என்ற பெண்மணியும் சயாமியப் பூனையையும் பாரசீகப் பூனையையும் கலந்தார்கள். சயாமின் நிறமும் பாரசீகத்தின் ரோமமும் ஒரே உடம்பில் வர வேண்டும் என்பது நோக்கம். பல தலைமுறை கலந்தபின் அது வந்தது. இதே நிற அமைப்பு உள்ள ஒரு வகை முயலுக்கு ஹிமாலயன் என்று பெயர், பூனைக்கும் அதையே வைத்துவிட்டார்கள். 1957-இல் அமெரிக்கப் பூனைச் சங்கம் இதைத் தனி இனமாக ஏற்றது. ஆக, ‘பியூர்’ என்று நான் விலை கொடுத்து வாங்கியது, மனிதர்கள் ஓர் ஆசைக்காகக் கலந்து செய்த உயிர். அமுங்கிய முகமும் அப்படியே, ஒவ்வொரு தலைமுறையிலும் மூக்கு சிறியதாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ஆனது. மூக்கு உள்ளே போகும்போது கண்ணீர் வடிகிற குழாயும் வளைந்துவிடுகிறது. கண்ணீர் போக வழியில்லாமல் கன்னத்தில் வழிந்து துருப்பிடித்த கோடாகக் காய்கிறது. தினமும் காலையில் பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளியே துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. மிளகு செமி பஞ்ச்தான். அதற்கே இப்படி. மூச்சுவிடவே சிரமப்படுகிற முகத்தை அழகு என்று விலை கூட்டுவது கொடுமை, இதை நான் எங்கேயும் உரக்கச் சொல்வேன்.

ஆனால் அந்த நிறத்தின் சூட்சுமம் தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோமத்துக்குக் கறுப்பு தருகிற நொதி, சூட்டில் வேலை செய்யாதாம். உடம்பின் வெப்பம் குறைந்த இடங்களில் மட்டும் செய்யும். காது நுனி, மூக்கு, பாதம், வால் இவை குளிர்ந்த இடங்கள், அதனால் கறுக்கின்றன. இந்தக் குட்டிகள் எல்லாமே பிறக்கும்போது வெள்ளை. தாயின் வயிறு அவ்வளவு சூடு. வெளியே வந்து குளிர் பட்டபின்தான் நிறம் ஏற ஆரம்பிக்கிறது.

சிக்கு எடுக்கிற வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். தினம் சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் இருபது நிமிடம். நான் அடியிலிருந்து சீவி இழுத்து மிளகிடம் பிராண்டல் வாங்கியதைப் பார்த்துவிட்டு, ஸ்டீல் சீப்பைக் கையிலிருந்து பிடுங்கினார். “பொண்ணுக்குத் தலை பின்னினதில்லையா நீ? நுனியிலேர்ந்து வா. அடியைக் கையால பிடிச்சுக்கோ, அப்பத்தான் தோல் இழுபடாது.” அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் முதலில் பார்க்க வேண்டும், சடை அங்கேதான் பிடிக்கும் என்று எந்தப் புத்தகமும் படிக்காமல் அவரே கண்டுபிடித்தார். தேங்காய் எண்ணெய் வைக்க வேண்டும் என்றார், அதை மட்டும் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பிசுபிசுப்புக்குச் சோள மாவைத் தூவிச் சீவச் சொன்னார். வைகாசி வெயிலில் மிளகு கூடத்துத் தரையில் நாலு காலையும் பரப்பிக் கிடக்கும். அத்தை விசிறிமட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஏசி போட்டுக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் மாமா இருந்தவரை சம்மதிக்காதவர், அந்தக் கோடையில் மத்தியானம் இரண்டு மணி நேரம் போடச் சொன்னார்.

2018 புரட்டாசியில் மிளகு ராத்திரியெல்லாம் கத்த ஆரம்பித்தது. தரையில் புரண்டது. எப்படியோ கணக்கு வைத்திருந்தாற்போல் விற்றவரின் ஃபோன் வந்தது. “நம்மகிட்ட ஆண் இருக்கு மேடம். ஒரு ஈத்து எடுத்துக்கலாம். குட்டி பாதிக்குப் பாதி.” எனக்கே கொஞ்சம் சபலம் இருந்தது. ஒரே ஒரு முறை, மகள் பார்க்கட்டுமே என்று. முதலில் வயிற்றை ஸ்கேன் பண்ணிவிடலாம் என்றார் டாக்டர். பாரசீக வழியில் சிறுநீரக நீர்க்கட்டி பரம்பரையாக வரும். பல நாடுகளில் சோதித்தபோது பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்திருக்கிறது. காரணமான மரபணுப் பிழையை 2004-இல் கலிஃபோர்னியாவில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிறக்கிற குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்பு உண்டு. பத்து மாதம் தாண்டினால் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தெரிந்தது. இடது சிறுநீரகத்தில் இரண்டு, வலதில் ஒன்று. கடுகளவு கறுப்பு வட்டங்கள்.

விற்றவரிடம் சொன்னேன். தாய்க்கோ ஆணுக்கோ இருக்க வேண்டும், இனி குட்டி எடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். “எல்லாப் பூனைக்கும் இருக்கும் மேடம்” என்று வைத்துவிட்டார். டிசம்பரில் மிளகுக்குக் கருப்பையை எடுத்தோம். இடது விலாவில் சதுரமாக ரோமத்தை வழித்து, சின்னதாகக் கீறி, மூன்று தையல். ஜனவரி கடைசியில் அந்த இடத்தில் ரோமம் முளைத்தது. பாலாடை நிறம் அல்ல, கரும்பழுப்பு. நான் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“ஒண்ணுமில்லைம்மா. ரோமம் இல்லாம தோல் குளிர்ந்திருக்கு, மார்கழி வேற. அதான் கறுப்பா முளைக்குது. அடுத்த தரம் உதிர்ந்து முளைக்கிறப்ப சரியாயிடும். இந்த நிறத்துப் பூனையில எங்க வழிச்சாலும் இப்படித்தான்.”

எங்க வழிச்சாலும். டாக்டர் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை. அந்தக் கீழ்க் கூண்டும், சுவரைப் பார்த்த முதுகும், விலாவில் இருந்த உள்ளங்கை அளவுத் திட்டும் கண் முன்னால் நின்றன. அழுக்கு என்று நினைத்தேனே. அதையும் யாரோ வழித்திருக்கிறார்கள். எதற்காக இருக்கும் என்று கேட்டேன். “குட்டி வெளியே வராம சிசேரியன் பண்ணியிருக்கலாம். ஏதாவது காயமாவும் இருக்கலாம். பார்க்காம எப்படிச் சொல்றது?” என்றார். கிழித்துத் தைத்த உடம்பில், அந்தத் திட்டு வெளுப்பதற்குள், அடுத்த ஈத்து.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ராத்திரி, நான் சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து ஒரு கவரைக் கையில் வைத்தார். அவருடைய பென்ஷன் பணம், 5,000 ரூபாய்.

“அந்தத் தாயைக் கேட்டுப் பாரு. கொடுப்பான். வயசாயிடுச்சு, இனிமே அவனுக்கு எதுக்கு? பேரம் பேசாதே.”

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூங்கில் கூடையில் மாமாவின் வேட்டியை விரித்து எடுத்துக்கொண்டு போனேன். விற்றவருடைய எண் உபயோகத்தில் இல்லை. மாடிப் போர்ஷன் பூட்டியிருந்தது, ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது. படியில் வாடை இல்லை, புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கீழ்வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் தை பிறந்ததும் காலி செய்துவிட்டார்கள், கூண்டையெல்லாம் ஒரு வேனில் ஏற்றிப் போனார்கள் என்றார். விலாவில் கறுப்புத் திட்டு இருக்குமே, ஒரு பெரிய பூனை, அதையும் ஏற்றினார்களா என்று கேட்டேன்.

“அப்படி ஒண்ணு இருந்துச்சாம்மா? நான் கவனிச்சதில்லையே.”

மிளகுக்கு இப்போது எட்டு வயது. ஆறு மாதத்துக்கொரு முறை சிறுநீரகத்துக்காக ரத்தம் எடுத்துக் கிரியாட்டினின் பார்க்கிறோம். மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பதால் வீட்டில் ஐந்து இடத்தில் மண் சட்டிகள். அதற்கு மண் சட்டித் தண்ணீர்தான் பிடிக்கும். விலாத் திட்டு அந்தக் கோடையிலேயே உதிர்ந்து, பாலாடை நிறம் திரும்பிவிட்டது.

அன்று கூடையோடு திரும்பி வந்தபோது அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கவரை நீட்டினேன், வாங்கவில்லை. கூடையிலிருந்து வேட்டியை எடுத்து உதறி, நாலாக மடித்து, ஈஸிசேரில் படுத்திருந்த மிளகின் தலைக்கடியில் வைத்தார். பிறகு சீப்பைத் தேடிப் போனார், அன்றைக்கு இன்னும் சிக்கு எடுத்திருக்கவில்லை.